கேட்டவர் யார், கேட்காதவர் யார்? ஊர்களை இணைக்கும் மல்டிகாஸ்ட் வலையைக் கண்காணிப்பதும் பழுது பார்ப்பதும்

உடப்பு, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் முந்தல் களப்புமாகக் கிடக்கும் மீனவர் ஊர். திரௌபதை அம்மன் கோவிலின் தீமிதிப்பால் வெளியூர்க்காரருக்குத் தெரிந்த ஊர். கரைவலையாலும் அம்பாப் பாட்டாலும் நம் கரையோர மக்களுக்குத் தெரிந்த ஊர். கரைவலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டம் எட்ட எட்ட நின்று இழுக்கும். ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுப்பார்; கயிறு பிடித்தவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவர் ஆளுக்கொரு தடவை பாடுவதில்லை. ஒரே பாட்டு அத்தனை பேருக்கும் போய்ச் சேருகிறது. திரும்பி வரும் பதிலிலேயே யார் காதில் விழுந்தது, எந்தப் பக்கம் தளர்ந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

கணினி வலையமைப்பிலும் இப்படி ஒரு முறை இருக்கிறது. ஒருவர் ஒரு தடவை அனுப்ப, கேட்க விரும்பிய எல்லா இடங்களுக்கும் அது போய்ச் சேரும். மல்டிகாஸ்ட் என்று அதற்குப் பெயர். தமிழில் குழுப் பரப்பு எனலாம். ஆனால் அம்பாவின் முதல் பாதிதான் அதில் உண்டு. பதில் பாட்டு கிடையாது. யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் மத்ரஸாவோ, பாடசாலையோ, வைத்தியசாலையோ இந்த முறையைக் கையில் எடுத்தால், அந்தப் பதில் பாட்டைத் தாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது, பதில் வராதபோது பழுதை எங்கே தேடுவது என்பதைப் பார்ப்போம்.

ஒருவருக்கு, எல்லாருக்கும், கேட்டவருக்கு

ஒரு ஜனாஸா அறிவித்தல் பள்ளிவாசலில் இருந்து போகும் வழிகளை எண்ணிப் பாருங்கள். மோதினார் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சொல்லலாம். இது தனிப் பரப்பு. நாம் இணையத்தில் பார்ப்பது, பேசுவது பெரும்பாலும் இந்த வகைதான். ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். அது பொதுப் பரப்பு. கேட்க வேண்டியவர், வேண்டாதவர் எல்லார் காதிலும் விழும். மூன்றாவதாக ஒரு வழி வைத்துக்கொள்வோம். பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் செய்தி போக வேண்டும். பள்ளியிலிருந்து ஒரே ஒரு தாள் புறப்படுகிறது. தெரு இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் அதற்குப் பிரதி எடுக்கப்படுகிறது. பெயர் கொடுத்தவர் ஒருவரும் இல்லாத தெருவுக்குள் தாள் போவதே இல்லை. மல்டிகாஸ்ட் இதுதான்.

இலாபத்தைக் கணக்குப் போட்டால் புரியும். ஒரு வகுப்பின் படமும் குரலும் விநாடிக்கு 2 மெகாபிட் என்று வையுங்கள். 40 மத்ரஸாக்களுக்குத் தனித்தனியே அனுப்பினால், அனுப்பும் இடத்தின் இணைப்பில் 80 மெகாபிட் வேண்டும். மல்டிகாஸ்டில் அதே 2 மெகாபிட் போதும். கேட்பவர் 400 ஆனாலும் அனுப்புபவரின் சுமை கூடாது.

இந்த வழியில் முகவரி என்பது ஓர் ஆளின் முகவரியாக இருக்காது. குழுவின் முகவரியாக இருக்கும். 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள எண்கள் இதற்கென்று ஒதுக்கப்பட்டவை. அவற்றில் 239 என்று தொடங்குபவை ஒரு நிறுவனம் தன் வேலிக்குள் வைத்துக்கொள்வதற்கு. கேட்க விரும்பும் கணினி, "இந்தக் குழுவில் என்னையும் சேர்" என்று பக்கத்து ரவுட்டரிடம் சொல்லும். அப்படிச் சொல்லும் மொழியின் பெயர் ஐஜிஎம்பி. அந்த ரவுட்டர் மூலத்தின் திசையிலுள்ள அடுத்த ரவுட்டரிடம் கேட்கும்; அது அதற்கடுத்ததிடம். ரவுட்டர்கள் தமக்குள் பேசும் இந்த மொழியின் பெயர் பிம். இப்படிக் கேட்பவரிடம் தொடங்கி மூலம் வரை ஒரு மரம் முளைக்கிறது. பின்பு மூலத்தில் இருந்து பொதிகள் அந்த மரத்தின் வழியே இறங்கி வருகின்றன. மரம் கட்டப்படுவது கேட்பவர் பக்கமிருந்து என்பதை மறக்க வேண்டாம். பழுது தேடும்போது இதுதான் கை கொடுக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர் ஸ்டீவ் டீயரிங். 1989இல் வந்த ஆர்எஃப்சி 1112 என்ற இணைய ஆவணம் அவருடையது. 1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான்டியேகோவில் நடந்த இணையப் பொறியியலாளர் கூட்டத்தின் ஒலியை இம்முறையில் 20 இடங்களுக்கு அனுப்பிக் காட்டினார்கள். அதைத் தொடர்ந்து வளர்ந்த சோதனை வலைக்கு எம்போன் என்று பெயர் வந்தது. 1998இல் ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடம் தொடங்கிய அக்சஸ் கிரிட், பல்கலைக்கழக மண்டபங்களை இதே முறையில் இணைத்தது. நமக்குச் சற்றுக் கிட்டிய உதாரணமும் உண்டு. 2001இல் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு எழுந்த எஸ்ஓஐ ஆசியா திட்டம், செய்மதி வழியே ஒரே வகுப்பை ஆசியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு மல்டிகாஸ்டாக இறக்கியது. இந்தோனேசியாவின் பிராவிஜயா, ஹஸனுத்தீன் பல்கலைக்கழகங்கள் அதில் இருந்தன.

யூடியூப், ஸூம், வட்ஸ்அப் குழு எதுவும் இந்த வகையில் சேராது. பொது இணையத்தில் மல்டிகாஸ்ட் வேரூன்றவில்லை. யார் வேண்டுமானாலும் மூலமாகலாம் என்ற பழைய வகையை, நிறுவனம் விட்டு நிறுவனம் பயன்படுத்துவதைக் கைவிடுங்கள் என்று 2020இல் ஆர்எஃப்சி 8815 வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. இன்று அது வாழும் இடம் வேலி போட்ட வலைகள். ஐபிடிவி சேவைகள் நேரடி அலைவரிசைகளை வீட்டுப் பெட்டி வரை கொண்டுவருவது, பங்குச் சந்தை விலைகள் தரகர்களுக்குப் போவது, ஒரு நிறுவனத்தின் கிளைகளுக்குள் படமும் குரலும் போவது எல்லாம் அந்த வகை.

மௌனத்தை நம்பலாமா?

தனிப் பரப்பில் ஒரு கோப்பு அனுப்பினால், மறுமுனை "கிடைத்தது" என்று ஒப்புச் சொல்லும். சொல்லாவிட்டால் மீண்டும் அனுப்பப்படும். மல்டிகாஸ்டில் பொதிகள் யூடிபி வழியே போகின்றன. ஒப்புச் சொல்வது இல்லை. திரும்ப அனுப்புவதும் இல்லை. ஆயிரம் பேர் கேட்டாலும் ஒருவருமே கேட்காவிட்டாலும், அனுப்புபவரின் திரையில் எல்லாம் நல்லபடி நடப்பதாகத்தான் தெரியும். கேட்காதவரின் நிலை இன்னும் மோசம். தனக்கு ஒன்று வரவேண்டி இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. கிடைக்கவில்லை என்று முறைப்பாடு செய்பவரைப் பற்றிக் கவலை குறைவு; முறைப்பாடு செய்யத் தெரியாமல் இருப்பவரைப் பற்றித்தான் கவலை.

இது தொழில்நுட்பக்காரரின் வீண் கவலை என்று நினைத்தால், 2004 டிசம்பர் 26ஐ நினைத்துக்கொள்ளுங்கள். சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய 15 நிமிடத்தில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் முதல் அறிவித்தலை வெளியிட்டுவிட்டது. அது போன இடங்கள் பசிபிக் நாடுகள். அலை நம் கிழக்குக் கரைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆனால் மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் கல்முனைக்கும் ஒரு சொல்லும் போகவில்லை. பெறுவோர் பட்டியலில் இலங்கை இல்லை. இல்லை என்பதை எடுத்துச் சொல்லும் வழியும் இல்லை. இந்நாட்டில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அதற்குப் பிறகு சர்வோதயமும் லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, கனடாவின் ஐடிஆர்சி உதவியோடு, ஹஸ்இன்ஃபோ என்ற முன்னோடித் திட்டத்தை நடத்தின. சுனாமி பாதித்த 32 கிராமங்களுக்கு ஒரு மையத்திலிருந்து எச்சரிக்கை அனுப்பிப் பார்த்தார்கள். செய்மதி வானொலி, கைப்பேசி, தூரத்திலிருந்து இயக்கும் அபாய மணி, கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி, சிறு செய்மதித் தட்டு என்று ஐந்து வகைக் கருவிகள். தெரிந்தெடுத்த பெட்டிகளுக்கு மட்டும் ஒரே செய்தியை இறக்கும் அந்தச் செய்மதி வானொலியை ஐபி மல்டிகாஸ்ட் என்று சொல்ல முடியாது. ஆனால் சிக்கல் அதே சிக்கல்தான். கருவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், ஒத்திகை வைத்து, எந்த ஊருக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது என்று அளந்ததுதான் அந்தத் திட்டத்தின் சிறப்பு. அளந்தபோதுதான் ஒரே கருவியை நம்பினால் போதாது, இரண்டு வேண்டும் என்பது எண்ணிக்கையாகவே தெரிந்தது. பிறகு நடந்ததும் ஒரு பாடம். அந்தச் செய்மதி வானொலியை நடத்திய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் 2008இல் வங்குரோத்து மனுப் போட்டது. ஒரு காலத்தில் கேட்ட பெட்டி எந்தக் காலமும் கேட்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கண்காணிப்பு ஒருநாள் வேலையாகாது.

ஊருக்கு ஒரு கலங்கரை விளக்கு

மல்டிகாஸ்டைக் கண்காணிக்க மிக எளிய வழி பீக்கன், அதாவது கலங்கரை விளக்கு. அக்சஸ் கிரிட் காலத்தில் பல்கலைக்கழகங்களில் பழக்கத்துக்கு வந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சிறு கணினி வைக்கிறோம். பழைய கணினியே போதும். அது இரவு பகலாக, குறித்த ஒரு குழு முகவரிக்கு விநாடிக்குச் சில சிறு பொதிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பொதியிலும் தொடர் இலக்கமும் நேரமும் இருக்கும். அதே கணினி மற்ற நிலையங்களின் பொதிகளையும் கேட்கும். 101, 102, 104 என்று வந்தால் 103 தொலைந்தது என்று குறிக்கும். எத்தனை தொலைந்தன, எவ்வளவு தாமதம், தாமதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற மூன்றையும் சாதாரணத் தனி இணைப்பு வழியே மையத்துக்கு அறிவிக்கும். அம்பாவில் இல்லாதுபோன பதில் பாட்டு இப்படித் திரும்பி வருகிறது.

மையத்தில் இந்தக் கணக்கை ஒரு கட்டமாக எழுதிப் பார்க்க வேண்டும். விளக்கத்துக்காக நாலு நிலையங்கள் என்று வைப்போம்: புத்தளம், உடப்பு, கற்பிட்டி, கொழும்பு. இடமிருந்து வலமாகப் போகும் வரிசை அனுப்புபவருக்கு. மேலிருந்து கீழாக வரும் நிரல் கேட்பவருக்கு. தனக்குத் தானே அனுப்புவதை விட்டால் 12 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இழப்பு வீதத்தை எழுதுங்கள். நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு.

இந்தச் சிறு கட்டத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

உடப்பின் நிரல் முழுவதும் சிவப்பு, அதாவது உடப்பு யாரையும் கேட்கவில்லை; ஆனால் உடப்பு அனுப்புவது எல்லாருக்கும் கேட்கிறது. அப்படியானால் குறை உடப்பின் கேட்கும் பக்கத்தில்: அங்குள்ள கணினி, சுவிட்ச், கடைசி ரவுட்டர்.

உடப்பின் வரிசை முழுவதும் சிவப்பு, அதாவது உடப்பை யாரும் கேட்கவில்லை. உடப்பு மற்றவர்களைக் கேட்கிறது. குறை அனுப்பும் பக்கத்தில்.

வரிசை, நிரல் இரண்டுமே சிவப்பு என்றால் முதலில் மின்சாரம் இருக்கிறதா, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இது மல்டிகாஸ்ட் பழுதாக இருக்காது.

கற்பிட்டியிலிருந்து உடப்புக்கு ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவப்பு என்றால், இரண்டு முனையும் நல்லவை. இடையிலுள்ள பாதையில்தான் வில்லங்கம். தேடுவதற்குக் கடினமானது இதுதான்.

எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் சிவந்தால் நடுவிலுள்ள பொது ரவுட்டரைப் பாருங்கள்.

இந்தக் கட்டம் இல்லாவிட்டால் நடப்பது நமக்குத் தெரியும். வகுப்பு தொடங்கிய பிறகு தொலைபேசி அடிக்கும். "நானா, இஞ்ச ஒண்டும் வருதில்ல." மையத்தில் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, "இஞ்ச நல்லா வருதே தம்பி, உங்கட பக்கம் பாருங்க" என்பார். இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். உண்மை இரண்டும் சந்திக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் இந்தக் கட்டம்.

ஒரு கூடுதல் கவனம். பீக்கனோடு சேர்த்து, அதே நிலையங்களுக்கு இடையே சாதாரண பிங் சோதனையையும் ஓட விடுங்கள். பிங்கும் விழுந்தால் அது இணைப்புப் பழுது. சேவை தரும் கம்பனியிடம் முறையிடலாம். பிங் நன்றாக இருந்து பீக்கன் மட்டும் விழுந்தால் அது மல்டிகாஸ்ட் பழுது. நம் ரவுட்டர்களில்தான் தேட வேண்டும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் முறையிடப் போனால் நாள் கணக்கில் அலைச்சல். எஸ்எஸ்எம்பிங் என்ற சிறு கருவி இந்த இரண்டையும் ஒன்றாகவே செய்கிறது. தூரத்து முனையிடம் கேட்டால், அது தனி வழியிலும் குழு வழியிலும் பதில் அனுப்பும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரே திரையில் பார்க்கலாம்.

அறிவிப்பாளர் வரிசையைப் போல

ஒரு கட்டம் சிவந்துவிட்டது. பாதையில் ஐந்து ரவுட்டர்கள். எதில் குறை? இங்கே நம் வாசகர்களுக்குப் பழக்கமான ஒரு கலையின் முறை உதவும். ஹதீஸைத் தொகுத்த இமாம்கள் ஒரு செய்தியைக் கேட்டால், சொன்னவரிடம் "நீர் யாரிடம் கேட்டீர்?" என்று தொடங்கி, ஒவ்வொரு அறிவிப்பாளராகப் பின்னோக்கிச் சென்று மூலத்தை அடைவார்கள். எங்கே தொடர் அறுந்ததோ அங்கே நின்று குறை சொல்வார்கள். அடுத்தடுத்த இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்து, சந்தித்திருக்கும் வாய்ப்பு இருந்தால் போதும் என்றார் இமாம் முஸ்லிம் (ரஹ்). சந்தித்ததே உறுதிப்பட வேண்டும் என்றார் இமாம் புகாரி (ரஹ்). அந்தப் பெரும் பணியை இந்தச் சிறு வேலையோடு சமமாக வைக்கவில்லை. தேடும் திசையைக் காட்டவே சொல்கிறேன்.

மல்டிகாஸ்ட் பாதையையும் கேட்பவரிடமிருந்து பின்னோக்கித்தான் தேட வேண்டும். மரம் அப்படித்தான் கட்டப்பட்டது. எம்ட்ரேஸ் என்ற கருவி இதைச் செய்கிறது. அதன் புதிய வடிவம் 2018இல் ஆர்எஃப்சி 8487 ஆக வந்தது. கேட்பவரின் கடைசி ரவுட்டரில் ஒரு கேள்வி புறப்படும். ஒவ்வொரு ரவுட்டரும், இந்தக் குழுவின் பொதி எந்த வாசலால் எனக்கு வருகிறது, எந்த வாசலால் வெளியே விடுகிறேன், எத்தனை பொதி கண்டேன் என்று எழுதி, மூலத்தின் பக்கம் தள்ளிவிடும். எழுத முடியாதவர், வழி தெரியாதவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் குறை.

எல்லா ரவுட்டரும் எம்ட்ரேஸுக்குப் பதில் தராது. அப்போது கையால் செய்யலாம். உடப்பு ரவுட்டரில் நுழைந்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் குழுவை யாராவது கேட்டிருக்கிறார்களா? அந்த மூலத்துக்கான பதிவு மல்டிகாஸ்ட் அட்டவணையில் இருக்கிறதா? பொதி எண்ணிக்கை ஏறுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் குறை அந்த ரவுட்டருக்குக் கீழே, ஊருக்குள். கேட்டவர் பதிவே இல்லை என்றாலும் ஊருக்குள்தான். கணினியின் கோரிக்கை ரவுட்டரை எட்டவில்லை. கேட்டவர் இருக்கிறார், எண்ணிக்கை ஏறவில்லை என்றால் குறை மேலே; அடுத்த ரவுட்டருக்குப் போய் இதே கேள்விகளைக் கேளுங்கள். அடுத்தடுத்த இரண்டு ரவுட்டர்கள் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. பிம் மொழியில் ஒன்றையொன்று அயலவராக ஏற்றிருக்க வேண்டும். இங்கே இமாம் புகாரியின் நிபந்தனைதான் செல்லும்.

அடிக்கடி அகப்படும் பழுதுகள்

நாலு நிமிடம் வந்து நின்றுபோவது. படம் அழகாகத் தொடங்கும்; நாலு நிமிடம் இருபது விநாடி அளவில் சொல்லிவைத்தாற்போல நிற்கும்; நிரலை மூடித் திறந்தால் மறுபடி வரும். சுவிட்ச் ஐஜிஎம்பி பேச்சை ஒட்டுக்கேட்டு, கேட்டவர் இருக்கும் வாசலுக்கு மட்டும் பொதி விடுகிறது. ஆனால் "இன்னும் இருக்கிறீர்களா?" என்று கேட்கும் ஆள் அந்த வலையில் இல்லை. வழக்கமான அமைப்பில் 125 விநாடிக்கு ஒருதரம் அந்தக் கேள்வி எழ வேண்டும். 260 விநாடி வரை பதில் கேட்காவிட்டால் சுவிட்ச் பெயரை வெட்டிவிடும். ரவுட்டரிலோ சுவிட்சிலோ கேள்வி கேட்பவரை நியமித்தால் பழுது தீரும்.

ஊருக்குள் வரும், வெளியூருக்குப் போகாது. ஒவ்வொரு பொதிக்கும் டிடிஎல் என்ற ஆயுள் எண் உண்டு. ஒரு ரவுட்டரைத் தாண்டும்போது ஒன்று குறையும். பூச்சியமானால் பொதி இறந்துவிடும். மல்டிகாஸ்டில் இந்த எண் வழக்கமாக 1 என்றே தொடங்கும். அனுப்பும் மென்பொருளில் இதை 16 அல்லது 32 ஆக உயர்த்த மறந்தால், பொதி வாசற்படியிலேயே விழும்.

இரண்டு இணைப்பு உள்ள இடத்தில் கேட்காது. உடப்பில் கம்பி இணைப்பு ஒன்றும் அவசரத்துக்கு 4ஜி இணைப்பு ஒன்றும் இருக்கிறது என்று வைப்போம். மூலத்துக்குத் திரும்பிப் போகும் வழி எதுவோ அந்த வாசலால் வரும் பொதியை மட்டுமே ரவுட்டர் ஏற்கும். சுழற்சியைத் தடுக்க இந்தக் காவல்; ஆர்பிஎஃப் சோதனை என்பார்கள். திரும்பும் வழி 4ஜி என்று ரவுட்டர் நம்பி, பொதி கம்பியால் வந்தால், ஒன்றும் சொல்லாமல் வீசிவிடும். பிங் நன்றாக வேலை செய்யும். அதனால்தான் இது பலரை அலைக்கழிக்கிறது. மூலத்துக்கான வழியையும் மல்டிகாஸ்ட் வரும் வழியையும் ஒன்றாக்குங்கள்.

பீக்கன் பச்சை, படம் வராது. சாதாரண இணையம் மல்டிகாஸ்டைச் சுமக்காது. ஆகவே ஊர்களுக்கு இடையே ஜிஆர்இ போன்ற சுரங்கம் போட்டு அதற்குள் அனுப்புவது வழக்கம். சுரங்கத்தின் உறை 24 பைட்டைத் தின்றுவிடும். 1500 கொள்ளும் பாதையில் 1476தான் மிஞ்சும். பீக்கனின் சிறு பொதி நுழையும். படத்தின் பெரிய பொதி மாட்டும். அனுப்பும் பொதியின் அளவைச் சிறிதாக்குங்கள். பீக்கனிலும் இடைக்கிடை பெரிய பொதி விட்டுப் பாருங்கள்.

சில நிலையங்களுக்கு மட்டும் சில மூலங்கள் கேட்காது. பிம்மின் வழக்கமான வகையில் மூலமும் கேட்பவரும் அறிமுகமாக ஒரு சந்திப்பு ரவுட்டர் வேண்டும். எல்லா ரவுட்டரும் ஒரே சந்திப்பு இடத்தை நம்ப வேண்டும். ஒன்றில் பழைய முகவரி எழுதியிருந்தால் அந்தப் பகுதி தனித்துப் போகும். அனுப்புபவர் இன்னார் என்று முன்பே தெரிந்த வேலைகளுக்கு, 232 என்று தொடங்கும் முகவரிகளில் இயங்கும் எஸ்எஸ்எம் வகையை எடுங்கள். அதில் கேட்பவர் மூலத்தின் பெயரையும் சேர்த்தே கேட்பார். சந்திப்பு இடமே தேவையில்லை. கெட்டுப்போக இடமில்லாத உறுப்புப் பழுதாவதும் இல்லை. ஆனால் ஐஜிஎம்பியின் மூன்றாம் பதிப்பு வேண்டும்.

கம்பியில் வரும், வைஃபையில் உடையும். வைஃபை கருவி மல்டிகாஸ்டை அதன் மிகக் குறைந்த வேகத்தில், ஒப்புக் கேட்காமல் அனுப்புகிறது. மண்டபத்தில் ஐம்பது கைப்பேசி இருந்தால் படம் துண்டு துண்டாகும். வகுப்பறைத் திரைக்குப் போகும் கணினியைக் கம்பியில் கட்டுங்கள். முடியாவிட்டால், மல்டிகாஸ்டைத் தனிப் பரப்பாக மாற்றிக் கொடுக்கும் வசதி வைஃபை கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கணினியே குற்றவாளி. விண்டோஸின் தீச்சுவர் யூடிபியை மறிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வலை அட்டை இருந்தால் கோரிக்கை தப்பான வாசலால் போகும். விபிஎன் மென்பொருள் போட்ட கணினிகளில் இது அதிகம். ரவுட்டரைக் குலைக்கும் முன் இன்னொரு கணினியை வைத்துப் பாருங்கள்.

கருவிக்கு முன் ஆள்

மூன்று நாலு நிலையங்கள்தான் என்றால் மல்டிகாஸ்ட் தேவையா என்பதையும் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் தனிப் பரப்பாக ஒரு பிரதி அனுப்பி, அந்த ஊருக்குள் மட்டும் மல்டிகாஸ்ட் செய்வது பல இடங்களுக்குப் போதுமானது. கிளைகள் பத்து இருபது என்று பெருகி, இணைப்பு மெலிந்ததாக இருக்கும்போதுதான் முழு மல்டிகாஸ்ட் தன் கூலியைத் தரும்.

எது எடுத்தாலும் சில ஒழுங்குகள் வேண்டும். எல்லாக் கருவியின் கடிகாரமும் என்டிபி மூலம் ஒன்றாக ஓட வேண்டும், உடப்பில் 8.10க்கு அறுந்தது புத்தளத்தில் 8.25 என்று பதிவானால் காரணம் தேட முடியாது. எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலேயே கட்டத்தைப் படமெடுத்து வையுங்கள். நல்ல நாளின் கணக்குத் தெரியாதவருக்குக் கெட்ட நாள் தெரியாது. ஒரு குறிப்புப் புத்தகம் வையுங்கள்: தேதி, எந்தக் கட்டம் சிவந்தது, என்ன மாற்றப்பட்டது, மாற்றியவர் யார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சிவப்புக் கண்டால் தானாகவே குறுஞ்செய்தி போகட்டும். ஒவ்வொரு ஊரிலும் அந்தச் செய்தியைப் பெற்று, போய்ப் பார்க்கக் கூடிய ஒருவரின் இலக்கம் சுவரில் இருக்கட்டும். அவர் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை. பாடசாலைப் பிள்ளை ஒருவருக்கு இந்தக் கட்டத்தை ஒரு மாலையில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

நம் சமூகத்தில் ஒரே செய்தி பல ஊருக்குப் போக வேண்டிய தேவை குறைவில்லை. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைக் குழு கூடி எடுக்கும் முடிவு, கடல் கொந்தளிக்கும் நாளில் கரைக்குப் போக வேண்டிய எச்சரிக்கை, ஆலிம் ஒருவரின் வகுப்பு எல்லாம் அப்படிப்பட்டவைதான். அனுப்புவதற்குக் கருவி வாங்கப் பணம் சேர்க்கிறோம்; திறப்பு விழா வைக்கிறோம். கேட்டதா என்று பார்ப்பதற்குப் பழைய கணினி ஒன்றும், அதன் திரையைத் தினமும் ஒருதரம் பார்க்கும் ஒருவரும் போதும். செலவு அவ்வளவுதான். அந்த ஆளை நியமித்த பிறகு ஒலிவாங்கியை வாங்குங்கள்.